குளத்தின் மேல் போட்ட பழி

என் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக என் கட்சிக்கு வந்து சேர்ந்துகொண்டிருக்கிறீர்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து நாற்காலிக்காரி ஒன்று சொல்ல, நீங்கள் வேறொன்றுக்குத் தலையாட்டுகிறீர்கள். டிவியை அலற வைத்து மருமகளிடம் ஏச்சு வாங்குகிறீர்கள். வாருங்கள், இடம் நிறைய இருக்கிறது. நான் இந்தக் கட்சியில் சேர்ந்தபோது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்த வகையில் உங்கள் எல்லோருக்கும் நான்தான் மூத்தவள்.

போன வருடம் வரைக்கும் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். "சின்னதிலே சேட்டை கூடிப்போச்சு. சொல் கேளாமல் குளத்தில் சாடினேன். தண்ணீர் ஏறிக் காது போய்விட்டது" என்பேன். கேட்டவர்களும் சிரிப்பார்கள். இனி அப்படிச் சொல்ல மாட்டேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கோபத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன், அதையும் மறைக்கவில்லை. எங்காவது என் குரல் உயர்ந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் குரல் எவ்வளவு உயர்கிறது என்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

எங்கள் ஊர் திருவட்டாறுக்குப் பக்கம். வயலும், மரச்சீனிக் கிழங்கு விளையும், நடுவில் ஒரு பெரிய குளமும், மேட்டில் எங்கள் சபைக் கோயிலும். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், சபையிலும் முக்கியமான ஆள். அம்மா, அக்கா, நான். அக்காவுக்கும் எனக்கும் பத்து வயதுக்கு மேல் வித்தியாசம். நான் பிறந்ததே வீட்டில் யாரும் எதிர்பாராதது என்று அம்மா பல பேரிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு நன்றாகக் காது கேட்டது.

அந்த வருடம் மழை நின்ற பிறகும் என் இருமல் நிற்கவில்லை. சாயங்காலமானால் மேல் காயும். பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவும். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். பாங்கில் வேலை பார்க்கும் பையன் ஒருவனைக் கிட்டத்தட்ட முடிவு செய்திருந்தார்கள். அதனால் என்னை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோகவில்லை. அங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றால் சொந்தக்காரர்கள் யாராவது பார்ப்பார்கள். பஸ் ஏறித் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு முதன்முதலாக மசால் தோசை வாங்கித் தந்தார்கள். அதனால் அது ஒரு நல்ல நாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் காதோடு சொன்னாள்: "ஏட்டி, யாரு கேட்டாலும் சளின்னு சொல்லணும், கேட்டியா? வேற ஒண்ணும் பறயப்பிடாது."

அது டி.பி. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. ஏன் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் புரியும். எங்கள் சபையில் கல்யாணம் நிச்சயமானால் ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், ஐயர் என்று நாங்கள் சொல்லும் பாதிரியார், பெண்ணின் பெயரையும் பையனின் பெயரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்லக்கூடியவர்கள் யாராவது உண்டானால் சொல்லலாம் என்று கேட்பார். எழுந்து நின்று தடை சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் ஓலை வாசிக்கத் தொடங்கினால் ஊரில் விசாரிப்பும் தொடங்கும். அவர்கள் வீட்டில் என்ன தீனம், யாருக்கு என்ன வைத்தியம் என்று இரண்டு பக்கத்திலும் தோண்டுவார்கள். நெஞ்சுத் தீனம் உள்ள வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். அது ரத்தத்தில் வரும் வியாதி என்றே அப்போது நினைத்தார்கள். அம்மா பயந்தது அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்குத்தான்.

எனக்குத் தினமும் ஊசி போட வேண்டும், மாதாமாதம் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஊசிக்கு அம்மா தன் அண்ணனைப் பிடித்தாள். அவர் தக்கலையில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். கம்பவுண்டர் மாமா விடிந்ததும் சைக்கிளில் வருவார். எவர்சில்வர் டப்பாவில் கண்ணாடி சிரிஞ்சைப் போட்டு அடுப்பில் கொதிக்க வைப்பார். சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடி இருக்கும். அதில் தண்ணீரை ஏற்றி, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுவார். ஸ்பிரிட் வாசனை வந்ததும் எனக்கு அழுகை வந்துவிடும். மாமா போகிற போக்கில் ஒரு கடலை மிட்டாய் தருவார். மாதாமாதம் காட்டச் சொன்னதை மட்டும் செய்யவில்லை. ஒரு முறை போனதே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

காலியான குப்பிகள் எனக்கு மிகவும் பிடிக்கும். அதன் ரப்பர் மூடி சக்கரமாகும். அலுமினியத் தகடு தட்டாகும். ஒரு தடவை நாலைந்து குப்பிகளை வரிசையாக வைத்துக் கடை நடத்திக்கொண்டிருந்தேன். அம்மா வந்து ஒரே வாரலாக வாரிக்கொண்டு போய்ப் பின்னால் வாழை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தாள். பிறகு தினமும் புதைத்தாள். விளையாட்டுச் சாமானை மண்ணில் போட்டு மூடுகிறாளே என்று அன்று எனக்கு வந்த கோபம் அவ்வளவுதான்.

ஊசி ஆரம்பித்துக் கொஞ்ச காலத்தில் இருமல் குறைந்தது. மேல் காய்வது நின்றது. சோறு கேட்டுச் சாப்பிட்டேன். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த மருந்து இல்லாவிட்டால் நான் இதை எழுத இருந்திருக்க மாட்டேன். ஆனால் கூடவே காதுக்குள் ஒரு இரைச்சல் வந்தது. வெளியே ஒன்றும் இல்லாதபோதும் உள்ளே ஒரு வண்டு நிற்காமல் இரைந்துகொண்டிருக்கும். தலையணையில் காதை அழுத்தினால் இன்னும் கூடும்.

ஒரு காலையில் மாமா சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"மக்கா, செவிக்குள்ள இரைச்சல் வல்லதும் உண்டா? நடக்கச்சில தல கறங்குதா?"

நான் வாயைத் திறந்தேன். என்னைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை என் தொடையில் இறுகியது.

"அவளுக்கு ஒரு கொழப்பமும் இல்ல. நீ போடு அண்ணா" என்றாள் அம்மா.

"இல்ல பிள்ள, டாக்டர் கேக்கச் சொன்னாரு. அப்பிடி உண்டுன்னா நிறுத்திட்டுக் கூட்டிட்டு வரணும்."

"கூட்டிட்டுப் போய் ஆஸ்பத்திரி வராந்தாவுல இருத்தவா? ஓலை வாசிக்கப் போற நேரத்துலயா? ஒண்ணும் இல்லன்னு சொல்லுதேன்லா."

மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஊசியைப் போட்டார். இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் இத்தனை காலமும் இதை, அம்மா என்னைச் சமாதானப்படுத்தச் சொன்ன வார்த்தைகள் என்றுதான் நினைத்திருந்தேன். என் பயத்தைப் போக்கத்தான் 'ஒன்றும் இல்லை' என்றாள் என்று நினைத்தேன். இப்படி ஒரு மடச்சி.

அவர் போன பிறகு நானே சொன்னேன். "அம்மா, காதுக்குள்ள வண்டு இரையுது."

அம்மா தேங்காயெண்ணெயில் வெள்ளைப்பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆற வைத்து, இரண்டு காதிலும் விட்டாள். பஞ்சை வைத்து அடைத்தாள். "வண்டு செத்துப்போவும்" என்றாள். வண்டு சாகவில்லை. இன்றைக்கும் இருக்கிறது.

காது ஒரே நாளில் போகாது. மேலே இருந்து கீழே இறங்கும். உயர்ந்த சத்தங்கள்தான் முதலில் போகும். இனயம் கடற்கரையிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் மீன்காரி தெருமுனையில் நின்று நீட்டிக் கூவுவாள். அந்தக் கூவல் கேட்டதும் பூனை எழுந்து நிற்கும், நான் ஓடுவேன். இப்போது பூனை எழுந்து நிற்பதைப் பார்த்துத்தான் நான் ஓடினேன். கோழிக்குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடின. அவற்றுக்கு ஏதோ சீக்கு என்று நினைத்தேன்.

நான் கோயிலில் சிறுவர் பாடகர் குழுவில் இருந்தேன். நன்றாகப் பாடுவேன். இதில் தன்னடக்கம் ஒன்றும் வேண்டாம், அந்த ஊரிலேயே என் குரல்தான் நல்ல குரல். கிறிஸ்மஸ் பாட்டில் தனியாகப் பாட வேண்டிய இடத்தை எனக்குத்தான் தருவார்கள். அந்த வருடம் ஒத்திகையில் பாட்டு வாத்தியாரின் விரல்கள் ஆர்மோனியத்தின் வலது கோடிக்குப் போனால் சத்தம் வரவில்லை. ஆர்மோனியம் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். வாத்தியார் இரண்டு மூன்று தடவை பாடச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "ஸ்ருதி சேரல்ல. நீ அங்க போய் இரி" என்று சொல்லிவிட்டு, தனியாகப் பாடும் இடத்தை இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குப் பெரிய மீன் துண்டை எடுத்து வைத்தாள். அதன் பிறகு அவள் சாகிற வரைக்கும் எனக்குத்தான் பெரிய துண்டு. பாசம் என்று நினைத்துத் தின்றேன்.

காதோடு போகவில்லை, நடையும் போனது. வரப்பில் நடந்தால் குடித்தவனைப் போல ஆடினேன். கண்ணைத் திறந்திருந்தால் எப்படியாவது சமாளித்துவிடுவேன். மூடினால் தரை நழுவும். எங்கள் வீட்டில் சாயங்காலம் குடும்ப ஜெபம். எல்லோரும் எழுந்து நின்று கண்ணை மூட வேண்டும். அப்பா நீளமாக ஜெபிப்பார். மழைக்கு, மிஷனரிகளுக்கு, மந்திரிகளுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். மூடிய மாத்திரத்தில் நான் சாய்வேன். விழாமல் இருக்கக் கண்ணைத் திறந்து சுவர் மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்பா ஒருநாள் இடையில் கண்ணைத் திறந்துவிட்டார்.

"தேவ சமூகத்துல நிக்கச்சில வேடிக்கை பாக்கியா?" என்று கன்னத்தில் ஒரு அறை.

"கண்ண மூடுனா விழுந்துருவேன் அப்பா."

"பயம் இருந்தா விழமாட்ட."

என் அப்பா கெட்டவர் இல்லை. அறிவாளியும்தான். அவருக்கு ஜெபத்தில் ஆடும் பிள்ளைக்குப் பக்தி இல்லை என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். நானும் ரொம்ப நாள் சிரித்தேன். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு மூன்று நாள் கன்வென்ஷன் நடந்தது. வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்திருந்தார். கடைசி நாள் எல்லோரையும் எழுந்து நின்று கண்களை மூடிக் கைகளை உயர்த்தச் சொன்னார். அப்பாவின் அறையை நினைத்துக்கொண்டு நானும் இறுக மூடினேன். கைகளையும் தூக்கினேன். மறு நிமிடம் மணலில் மல்லாந்து கிடந்தேன். எழுந்து மறுபடியும் மூடினேன். மறுபடியும் விழுந்தேன். பிரசங்கியார் மேடையிலிருந்து இறங்கி வந்து என் தலையில் கை வைத்து, பரிசுத்த ஆவியானவர் இந்தச் சிறு பிள்ளையைத் தொட்டிருக்கிறார் என்று அறிவித்தார். சுற்றி நின்ற பெண்கள் அழுதார்கள். அப்பாவும் அழுதார். வீட்டுக்கு வரும்போது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அறைந்ததற்கு மன்னிப்பாக இருக்கலாம்.

அம்மா அழவில்லை. பந்தலின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் எனக்கு இப்போது தெளிவாக விளங்குகிறது. தலை சுற்றுகிறதா என்று அண்ணன் கேட்ட கேள்விக்கு அங்கே மணலில் பதில் கிடந்தது. அவளுக்கு அது தெரிந்தது. மறுநாள் காலையில் மாமா வந்தார். சிரிஞ்சு கொதித்தது.

குளத்துக்கு வருகிறேன். கோடை ஆரம்பித்திருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படித்துறையிலிருந்து குளத்தில் சாடிக்கொண்டிருந்தார்கள். ஊசி போடுகிற பிள்ளை தண்ணீரில் இறங்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் கேட்கவில்லை. நீச்சல் எனக்கு முன்பே தெரியும். சாடினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் சாடினேன். உள்ளே போனதும் மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. மேலே வருகிறேன் என்று நினைத்துக் கைகளை வீச, சேறு விரலில் தட்டியது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஊர்க்காரப் பெண் ஒருத்திதான் முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். அவள் என்னைப் பார்த்து எதையோ கத்தினாள். வாய் அசைவது தெரிந்தது, வார்த்தை விளங்கவில்லை. அவள் இரண்டு கையால் என் முகத்தைத் திருப்பி மறுபடியும் கத்தினாள். பிறகு கூடி நின்றவர்களிடம் சொன்னாள், அது அவள் வாயிலிருந்தே தெரிந்தது: "இந்தப் பிள்ளைக்குக் காது கேக்கல்ல."

அம்மா ஓடி வந்தாள். அடித்தாள், அணைத்தாள், மறுபடியும் அடித்தாள். ஊர்க்காரர்கள் முன்னால் மார்பில் அடித்துக்கொண்டு சொன்னாள், பிறகு ஊரே அதை எனக்குத் திருப்பிச் சொன்னது: "சாடாத சாடாதன்னு சொன்னேன், கேட்டாளா? செவியில வெள்ளம் ஏறிட்டே!"

அன்றே அது ஊருக்குத் தெரிந்த உண்மையாகிவிட்டது. சாடினதும் நிஜம், கேட்காமல் போனதும் நிஜம். ஒன்றால்தான் மற்றது என்று சொல்ல யாருக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கும்தான். அக்காவின் ஓலை மூன்று ஞாயிறும் வாசிக்கப்பட்டது. ஒருவரும் தடை சொல்லவில்லை. கல்யாணத்தன்று கோயிலில் பாடகர் குழு பாடியது. நான் கடைசி வரிசையில் இருந்து அவர்கள் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதிக் கதை நீளமில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்வது விளங்காமல் ஆறாம் வகுப்போடு நின்றேன். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரே ஒரு வீட்டுக்காரர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அக்கா என்னை நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். அத்தான் பாங்கில். அவர்களுக்கு ஒரு மகள். அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்தது நான். பிறகு அவள் பிள்ளைகளையும் வளர்த்தேன். குழந்தைகளைக் குளத்தங்கரை, கடற்கரை எங்கே கொண்டுபோனாலும் முதலில் என் கதையைச் சொல்லிவிடுவேன். "சித்தியப் பாரு. சொன்ன சொல் கேளாமச் சாடினேன், செவி போச்சு. நீங்க கேக்கணும், என்னா?" என்பேன். தலையாட்டுவார்கள். அக்கா சில சமயம் பக்கத்திலேயே இருப்பாள்.

அக்கா வீட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். பண்டிகைக்கு அவளுக்கு ஒரு புடவை என்றால் எனக்கும் ஒரு புடவை. காதில் வைக்கும் மெஷின் வாங்கித் தந்ததும் அவள்தான். நான் நன்றியோடு இருந்தேன். என் முட்டாள்தனத்தால் கெட்டுப்போன வாழ்க்கைக்கு ஒரு மூலையைக் கொடுத்தவள் என்று தினமும் ஜெபத்தில் அவள் பெயரைச் சொன்னேன்.

போன வருடம் அவளுக்குச் சிறுநீரகத்தில் கிருமி ஏறிக் குளிர்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்தான் கூட இருந்தேன். இரண்டாம் நாள் காலை ஒரு டாக்டர் பெண் வந்தாள். சின்ன வயது, நிதானமான முகம். நான் கட்டிலின் கால்மாட்டில் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். மெஷின் சார்ஜில் கிடந்தது. காதில் அது இல்லையென்றால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அக்காவின் கணக்கு. வாயைப் பார்த்துப் படிப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். காய்ச்சலில் மறந்துவிட்டாள் போல.

டாக்டர் கேட்டாள். "கொஞ்சம் வீரியமான ஊசி போட வேண்டியிருக்கும்மா. உங்களுக்குக் காது நல்லா கேக்குதா? குடும்பத்துல யாருக்காவது ஊசி போட்டுக் காது கேக்காமப் போயிருக்கா?"

அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. என் பக்கம் மோவாயைக் காட்டினாள்.

"எனக்க தங்கச்சிக்கு. சின்னதுல நெஞ்சுத் தீனத்துக்கு ஊசி போட்டதுல செவி போயிட்டு. அந்த எனத்துல ஒண்ணும் எனக்குப் போடாண்டாம் டாக்டர்."

நான் தவறாகப் படித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் டாக்டர் என் பக்கம் திரும்பிவிட்டாள். என் முகத்தைப் பார்த்து, நான் படிக்கும்படியே, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். "உங்களுக்கா அம்மா? டி.பி.க்கு ஊசி போட்டாங்களா? எத்தனை வயசுல?"

அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது.

அந்த டாக்டர் நல்ல பெண். பிறகு என்னை வராந்தாவில் நாற்காலியில் உட்கார வைத்து விளக்கினாள். காதின் உள்ளே, நத்தைக்கூடு மாதிரி ஒரு இடத்தில் கண்ணுக்குத் தெரியாத மயிர் போன்ற உயிரணுக்கள் உண்டாம். அந்த இனத்து மருந்துகள் கிருமியைக் கொல்வதோடு சிலருக்கு அங்கேயும் தங்கி அவற்றையும் கொல்லுமாம். செத்தது மறுபடி முளைக்காது. விழாமல் நிற்க வைக்கும் உறுப்பும் பக்கத்திலேயே இருப்பதால் அதுவும் கெடும். சில குடும்பங்களில் தாய் வழியாக இந்தப் பலவீனம் இறங்குமாம், கொஞ்சம் மருந்தே போதுமாம். அதனால்தான் கேட்டாளாம்.

"குளத்துத் தண்ணி ஏறினா இப்படி ஆகுமா?" என்று கேட்டேன்.

"தண்ணி ஏறினா காது வலிக்கும், சீழ் வரும். இப்படிப் போகாது அம்மா. இரைச்சல் வந்த உடனே சொல்லியிருந்தா ஊசியை நிறுத்தியிருப்பாங்க. அப்பவும் வேற மருந்து இருந்துச்சு. போனது போனதுதான், ஆனா மீதிக் காது தப்பியிருக்கலாம்."

சொல்லியிருந்தேனே. வண்டு இரைகிறது என்று சொன்னேனே.

அறைக்கு வந்து மெஷினை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அக்காவின் எதிரில் உட்கார்ந்தேன். "எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

முதலில் அழுதாள். பிறகு சொன்னாள். "கல்யாணத்துக்கு முந்தியே தெரியும். இனி ஊசி போட மாட்டேன், பிள்ளைக்கச் செவி போவுதுன்னு மாமா அடுக்களையில நின்னு அம்மாட்ட சண்ட போட்டாரு. நிறுத்தினா இருமல் திரும்பி வரும், ஓலை மூணும் வாசிச்சு முடியட்டு, அதுவரைக்கும் போடுன்னு அம்மா சொன்னா. நான் கதவுக்குப் பின்னால நின்னேன்."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"நான் என்னத்தச் சொல்ல? அம்மா எனக்கத் தலையில கை வெச்சு சத்தியம் வாங்கிட்டா."

"அம்மா செத்த பெறகு?"

"சொல்லி என்ன ஆவப்போவுது ஏட்டி? போன செவி திரும்பி வருமா?"

காது வராது. அது எனக்கும் தெரியும். ஆனால் நான் சொல் கேளாத பிள்ளை இல்லை என்பது வந்திருக்கும். ஒவ்வொரு ஜெபத்திலும் கடவுளிடம் அந்தக் குளத்துக்காக மன்னிப்புக் கேட்டேனே, அது இல்லாமல் போயிருக்கும். மூலையைக் கொடுத்தாளே என்று இப்படி நன்றியோடு குனிந்திருக்க மாட்டேன். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன், நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தாள்.

சாயங்காலம் அக்காவின் மகள் வந்தாள். நான் இடுப்பில் சுமந்தவள். என்னிடம் பேசும்போது முகத்தை நேரே காட்டி உதட்டைத் தெளிவாக அசைத்துப் பேசுவது அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளிடமாவது சொல்லி அழலாம் என்று நினைத்தேன். நான் பாதி சொல்வதற்குள் அவள் கண் தாழ்ந்துவிட்டது.

"உனக்கும் தெரியுமாட்டீ?"

"பள்ளியில படிக்கச்சிலயே அம்மா சொல்லித் தந்தா சித்தி. எங்க காச்சல்னு போனாலும் இதச் சொல்லி அந்த ஊசி வேண்டாம்னு பறயணும்னு. நான் எனக்கப் பிள்ளையளுக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"நான் குளத்துக் கதையச் சொல்லச்சிலல்லாம் தலையாட்டினியே."

"நீங்க அத அவ்வளவு ஆசையாச் சொல்லுவியளே சித்தி. நான் எப்பிடி..."

அதற்கு மேல் நான் அவள் உதடுகளைப் பார்க்கவில்லை. அந்தக் குடும்பத்தில் எல்லோருடைய காதையும் என் காதை வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் வரைக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதது எனக்கு மட்டும்தான்.

அக்காவுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். குணமாகிவிட்டது. வீட்டுக்குப் போகும் நாள் அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மகள் கார் கொண்டுவரக் கீழே போயிருந்தாள். எழுந்து நிற்க அவளுக்கு ஒரு தோள் வேண்டும். என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "ஏட்டி, வா, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

காதில் மெஷின் இருந்தது. அவள் உதடும் எனக்கு நேரே இருந்தது. ஒரு எழுத்துப் பிசகாமல் விளங்கியது.

"கேக்கல்ல" என்றேன்.

இன்னும் உரக்கச் சொன்னாள்.

"கேக்கல்ல" என்றேன்.